நூறு விதைக்கு நூற்றுப் பன்னிரண்டு

1

மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, ரயில் பயணத்தில் வருகிறது என்கிறார்கள். வரட்டும், நல்லது. எனக்கு இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. என் அக்கா வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணையின் முளைப்புப் படிவம், எண் நான்கு.

ஒரு சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நூறு விதை போட்டேன். நூத்திப் பன்னிரண்டு முளைச்சிருக்கு. கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மண்டூகத்துக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மண்டூகம் என்று அர்த்தமில்லை.

நீங்கள் வாங்கித் தின்னும் ஆரஞ்சின் மரம் மேலே ஒரு ரகம், கீழே வேறு ரகம். கீழே இருப்பது வேர்ச்செடி. அதன் பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. வேருக்காக மட்டுமே அதை விதைபோட்டு வளர்க்கிறார்கள். தண்டு பென்சில் கனம் வந்ததும் அதன்மேல் ஆரஞ்சு மொட்டை வைத்து ஒட்டுகிறார்கள். அந்த வேர்ச்செடியின் விதையில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு விதைக்குள் ஒரு கருதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. இரண்டு இருக்கும், மூன்றும் இருக்கும். பெரும்பாலானவை மகரந்தத்தின் தயவே இல்லாமல் தாய்மரம் தானாகச் செய்துகொண்ட நகல்கள். எல்லாம் அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருக்கும். எப்போதாவது ஒன்றுக்கு மட்டும் அப்பா என்று ஒருவர் உண்டு.

ஆக, நூறு விதைக்கு நூற்றுப் பன்னிரண்டு நாற்று வந்ததில் மாயம் எதுவும் இல்லை. இத்தனைக்கும் ஏழு விதை முளைக்கவே இல்லை. தொண்ணூற்று மூன்றுதான் முளைத்தன. ஆனால் படிவத்தில் 'விதைத்தது' என்று ஒரு கட்டம், 'முளைத்தது' என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் சதவீதம். நூறுக்கு மேல் போட்டால் கணினி சிவப்புக் காட்டி நின்றுவிடும். மேலாளர் அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நூறு என்றே போட்டுவிடச் சொன்னார். பார்க்கவும் நன்றாக இருக்கும் என்றாராம். அவளும் அப்படியே போட்டுவிட்டாள்.

"தொண்ணூத்தி மூணுன்னு போட்டிருந்தாலும் உண்மை. நூத்திப் பன்னிரண்டுன்னு போட்டிருந்தாலும் உண்மை" என்றாள் அக்கா. "அந்த நூறுதான்டா பொய்."

இதை எழுதாமல் விடமாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்து அவளுக்கும் தெரிந்துவிட்டது. எழுதினால் எழுதிக்கொள், ஆனால் என்னிடம் காட்டாமல் ஒரு வரி வெளியே போகக்கூடாது என்றாள். அன்று ஒப்புக்கொண்டதன் பலனை இந்தக் கதை முழுக்க நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

2

முதல் தொடக்கம்:

விடியலின் மெல்லிய பனியில், மண்ணின் கருவறையைத் திறந்துகொண்டு ஒரு பச்சை உயிர் முதன்முதலாய்க் கண்

(இங்கேயே விட்டுவிட்டேன். செடிக்கு ஏது கண் என்று அக்கா கேட்டாள்.)

இரண்டாம் தொடக்கம்:

அவள் ஒரு விதையைக் கையில் எடுத்தாள். அது தன் வாழ்க்கையைப் போலவே

(இதையும் விட்டேன். கையில் விதையை எடுத்த பெண் உடனே தன் வாழ்க்கையை நினைக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? அக்கா ஒரு நாளைக்கு இரண்டாயிரம் விதையைக் கையில் எடுக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கையை நினைத்தால் ஐந்து மணிக்குள் பைத்தியம் பிடித்துவிடும்.)

[அடிக்குறிப்பு, அடிவரை போக உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று இங்கேயே: கதையும் ஒரு நாற்றுதான் என்று நான் எங்கேயாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருப்பீர்கள். சொல்ல மாட்டேன். எனக்கும் வெட்கமானம் உண்டு.]

நான் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள். விதைக்கு ஒரு கூர்முனை இருக்குமாம். வேர் அங்கிருந்துதான் வரும். அது கீழே பார்த்த மாதிரி ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றினால் வேர் மேலே கிளம்பி, வந்த இடம் தப்பு என்று தெரிந்து, வளைந்து திரும்பிக் கீழே போகும். அதற்குக் கழுத்து வளைந்த நாற்று என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து ஒரு காற்றில் மரம் சாயும்போதுதான் தெரியும்.

"நீ எல்லாக் கதையையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறே" என்று முடித்தாள். "கூர்முனை மேலே."

அதனால் மூன்றாம் தொடக்கத்தைக் கூர்முனையிலிருந்தே, அதாவது நகத்திலிருந்து, ஆரம்பிக்கிறேன்.

3

அக்காவின் இடதுகைக் கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிட நீளம். விதையின் தோலை உரிப்பதற்கென்றே வளர்த்தது. வேறு எதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை, முதுகு அரித்தால்கூட. தோலோடு ஊன்றினால் விதைகள் நான்கு வாரம், ஐந்து வாரம் என்று அதனதன் இஷ்டத்துக்கு எழுந்து வரும். உரித்து ஊன்றினால் இரண்டே வாரத்தில் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஒன்றாக வரும். அக்காவின் கணவர், எனக்கு மாமா, அவள் தன்னை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாள், அந்த நகத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பார்.

பண்ணையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளைவிட மூன்று வயது மூத்த மேலாளர் உட்பட. ஆகவே இந்தக் கதையில் நான் அக்கா என்று எழுதும்போது உறவைச் சொல்வதாக நினைக்காதீர்கள். அது பதவி.

அந்த நூறு விதையைப் போட்ட சோதனைப் பாத்தி வலைக்கூடத்தின் ஓரத்தில் இருந்தது. வரிசைக்குப் பத்துக் குழியாகப் பத்து வரிசை. விதைகளை வெந்நீரில் ஊறவைத்து, மிதந்ததை எறிந்து, அடியில் தங்கியதை மட்டும் உரித்து, கூர்முனை கீழே பார்க்க ஊன்றினாள். பதின்மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு முதல் பச்சை முனைகள் வெளியே வந்தன. அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு, காதில் செருகிய பென்சிலோடு, ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தாள். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலாக இருந்த நாளில் மாமாவை விட்டு எண்ணவைத்து, மறுநாள் அவர் எண்ணியதை நம்பாமல் திரும்பவும் எண்ணினாள்.

எண்ணுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வித்தியாசம் தேடுவது. வேர்ச்செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான் தோட்டத்தில் மரங்கள் ஒன்றுபோல வளரும், ஒன்றுபோலக் காய்க்கும். இலை மாறியிருந்தால், உயரம் மாறியிருந்தால், நிறம் மாறியிருந்தால் அது அப்பா உள்ள செடி. பண்ணையில் அதற்கு வேத்தாள் என்று பெயர். வேத்தாளைக் கண்டதும் பிடுங்க வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் போதும், ஒரு இழுப்பு.

ஆறாம் வாரம், ஏழாம் வரிசை நான்காம் குழி. ஒரே விதையிலிருந்து மூன்று நாற்று. இரண்டு அம்மாவின் நகல். மூன்றாவது குட்டை. அதன் முதல் இரண்டு இலை ஒழுங்காக ஒற்றை இலையாக வந்துவிட்டு, மூன்றாவது மட்டும் மூன்றாகப் பிரிந்திருந்தது. அக்கா நிமிர்ந்து வேலியோரம் பார்த்தாள். அங்கே மூன்று பிரிவு இலையோடு ஒரு முள்மரம் நிற்கிறது, அதுவும் ஆரஞ்சுக்கு உறவுதான். தேனீ எந்த வழியாகப் போய்வந்தது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

குனிந்தாள். இரண்டு விரலும் அந்தக் குட்டைத் தண்டைத் தொட்டன. பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

4

ஏன் இழுத்துக்கொண்டாள்? இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதினாறு வருடம் பிடுங்கிய கை ஒரு நாளில் இரங்குமா? வாசகர் என் காதில் பூ சுற்றாதே என்பாரே. ஆகவே காரணங்கள் தயாரித்தேன்.

காரணம் ஒன்று: எங்கள் வீட்டில் நானும் தங்கையும் அம்மாவை உரித்து வைத்தவர்கள். அக்கா மட்டும் யார் ஜாடையிலும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அந்த ஏக்கம் அவள் மனதின் அடியாழத்தில்

(அக்கா சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: என் மூக்கு அத்தை மூக்கு. எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது.)

காரணம் இரண்டு: பாத்தியில் நான்கு நாள் தண்ணீர் தேங்கியது. எல்லா நாற்றும் மஞ்சளாகித் துவண்டன. அந்த ஒன்று மட்டும் நிமிர்ந்து

(இதற்கு அவள் பேனாவைக்கூட எடுக்கவில்லை. என் பாத்தியில் தண்ணீர் தேங்கும் என்று எழுதுகிற அளவுக்கு உனக்குத் துணிச்சல் வந்துவிட்டதா என்று கேட்டாள். வெள்ளத்தை நானே வடித்துவிட்டேன்.)

வேறு வழியில்லாமல் அவளிடமே கேட்டேன். அவள் என் மேசையில் கிடந்த அழிப்பானை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"செடி நல்ல செடின்னெல்லாம் இல்லைடா. நல்லதா கெட்டதான்னு யாருக்குத் தெரியும்? அதான் விஷயமே. பதினாறு வருஷமா வேத்தாள்னு பார்த்ததும் பிடுங்கிட்டேன். ஒண்ணைக்கூட வளரவிட்டுப் பார்த்ததில்லை. அன்னைக்குக் கை போறப்போதான், இதெல்லாம் வளர்ந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியவே தெரியாதேன்னு தோணுச்சு."

மொத்தம் எத்தனை பிடுங்கியிருப்பாய் என்று கேட்டேன். வருடத்துக்கு இத்தனை பாத்தி, பாத்திக்கு இத்தனை என்று விரல்விட்டு ஆரம்பித்தவள், பாதியில் விரலை மடக்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கேட்டிருக்கவே கூடாது. எழுத்தாளன் தம்பியாக வாய்ப்பதில் இருக்கும் தொல்லை இதுதான்.

5

அந்த ஆறாம் வார நடுவில், வியாழக்கிழமை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது.

பாத்தியில் போட்டது மாதிரிக்கு எடுத்த நூறுதான்; ஆய்வாளரின் சான்று இல்லாமல் அந்தத் தாய்மரங்களின் மீதி விதையை எங்கும் அனுப்ப முடியாது. தள்ளிப்போடவும் முடியாது, இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அத்தனையும் எருக்குழிக்குப் போகும். அக்கா கையெழுத்துப் போட்ட விதை. ஆய்வாளர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தியை எண்ணுவார். தாளில் நூறு. மண்ணில் நூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது, வேறு விதை கலந்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சான்று கிடையாது.

மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். நூறு என்று போடச் சொன்னவர் அவர்தான் என்பதை அக்கா நினைவுபடுத்தவில்லை. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தால் பேச்சில் மரியாதை கூடிவிடும். பன்னிரண்டைக் குறைக்க வேண்டும், வேத்தாளிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். அக்கா ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தாள், அந்த மூன்றிலை நாற்றைத் தனியாக ஒரு தொட்டியில் வைக்கலாமா என்று.

"அக்கா, கணக்குலயே இல்லாத செடிக்குத் தொட்டி கொடுங்கன்னு நான் எப்படிக் கேட்கிறது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

வெளியே கொண்டுபோகவும் வழியில்லை. நோய் பரவும் என்ற பயத்தால் பண்ணையிலிருந்து ஓர் இலைகூட வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால், கொண்டுபோன ஆள் அடுத்த நாள் உள்ளே வர முடியாது. போன வருடம் கிளைவெட்டுகிறவர் ஒருவர் சட்டைப்பையில் ஒரு கொழுந்தை மறந்து வைத்துக்கொண்டு போய், அப்படித்தான் வேலையை இழந்தார்.

புதன்கிழமை அக்கா பதினொன்றைப் பிடுங்கினாள். வெளிறிப்போனவை நான்கு. குழியில் நெருக்கியடித்து நோஞ்சானாகப் போனவை ஆறு. மண்ணை விலக்கிப் பார்த்ததில் கழுத்து வளைந்தது ஒன்று. (அது, தான் ஊன்றியதால் வந்தது அல்ல, காய்ச்சலான நாளில் மாமா வந்து ஏதோ கிளறிவிட்டார் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.) பிடுங்கியதைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினாள்.

பாத்தியில் நூற்று ஒன்று மிச்சம் நின்றன.

6

இனி முடிவுகள். நான் நான்கு எழுதினேன்.

முதல் முடிவு. வியாழன் காலை அவள் பாத்தியோரம் உட்காருகிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு. வலைக்கூரையின் மேல் முதல் துளி விழுகிறது. மழை.

(அக்கா: "உன் எல்லாக் கதையிலயும் கடைசியில மழை பெய்யுது. ஒண்ணை வெச்சு இன்னொண்ணு அச்சடிக்கிறியா?" எனக்குச் சுருக்கென்றது. என் பழைய கதைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் ஏழு மழை.)

இரண்டாம் முடிவு. ஆய்வாளர் மூன்றிலை நாற்றின் முன்னே மண்டியிடுகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். இதைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்கிறார்.

(அக்கா: "நீ ஆய்வாளரைப் பார்த்ததில்லை.")

மூன்றாம் முடிவு. சாப்பாட்டு டப்பா. அடித்தட்டில் ஈரத்தாள், தாளுக்குள் நாற்று, மேல்தட்டில் சோறு. வாசல்காரர் பையைத் திறக்கிறார், டப்பாவைத் தொடுகிறார், இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறார். அவள் வாயைத் திறந்து

(அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.)

நான்காம் முடிவு. வேலியோர முள்மரத்தின் அடியில் பழம் விழுந்து, தானாக முளைத்த கன்றுகள் இருபது முப்பது எப்போதும் நிற்கும். எல்லாம் மூன்றிலை. அவற்றின் நடுவே ஒன்றைக் கூடுதலாக ஊன்றினால் யார் கண்டுபிடிப்பார்கள்? பாத்தியில்தான் அது வேத்தாள். அப்பா வீட்டில் அது இன்னொரு பிள்ளை.

(இந்த முறை அக்கா பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் நேரமானது. கண்ணாடி போடாமல் படித்ததால்கூட இருக்கலாம்.)

7

முடிவை எழுதுவதற்கு முன்னால், வியாழக்கிழமை உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் கற்பனை இல்லை. என்னைப் பொறுத்தவரை அபூர்வம்.

ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். படிவத்தைப் பார்த்தார். பாத்தியை வரிசை வரிசையாக எண்ணினார். நூறு. இலைகளைப் புரட்டினார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாத்தி சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். விதை பிழைத்தது.

அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் மேலாளர் செய்தித்தாளைப் பிரித்தார். பிடுங்கியதை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பதினொண்ணுதானே இருக்கு?"

அக்கா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். ஒன்று தானாகவே காய்ந்து போய்விட்டது என்று சொல்வதாக உத்தேசம். புதன்கிழமை முழுவதும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் நூறு என்பது பொய் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். வாய் வரவில்லை.

"ஆமா. பதினொண்ணுதான்" என்றாள்.

மேலாளர் அவளைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். பதினாறு வருட வேலை அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது என்றாள் அக்கா. பிறகு அவர் படிவத்தை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"நூறு விதை போட்டோம். நூறு முளைச்சுது. பாத்தில நூறு இருக்கு. இதுல பன்னிரண்டாவதுன்னு ஒண்ணு எங்கேருந்துக்கா வரும்?"

செய்தித்தாளைச் சுருட்டி எருக்குழியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதர் அசடா, நல்லவரா என்று அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கதாசிரியன் என்ற முறையில் அவரை ஏதாவது ஒன்றாக ஆக்கிவிட எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதைச் செய்ய மனம் வரவில்லை.

8

சரி, நாற்று எங்கே?

எனக்குத் தெரியும். அக்கா சொன்னாள். ஒரே வரியில் எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு, மேலாளர் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள், அட்டை முதல் அட்டை வரை படிப்பார்கள் என்றாள். வரியைப் பிடுங்கிவிட்டேன். அது இருந்த இடம் இதுதான்:

[                    ]

பள்ளம் தெரிந்தால் மன்னியுங்கள். மண்ணைத் தள்ளி மூடத்தான் பார்த்தேன்.

வேண்டுமானால் இதை மட்டும் சொல்கிறேன். போன வாரம் வந்தவள், புறப்படும்போது என் மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். எழுதுகிற பென்சில் உன் காதிலேயே இருக்கிறதே என்றேன். இது எழுத இல்லை, கனம் பார்க்க என்றாள். இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். வாயைக் கிண்டாதே என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். இத்தனை வருடத்தில் என் அக்கா வாசலில் நின்று அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேலே நான்கு முடிவுகள் நிற்கின்றன. மூன்று என்னை உரித்து வைத்தவை. ஒன்று வேத்தாள், நான் செய்ததே அல்ல. வரிசை வரிசையாகப் பாருங்கள், இலையைப் புரட்டுங்கள், உங்கள் இஷ்டம். கண்டுபிடித்துவிட்டால் மட்டும், தயவுசெய்து, கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.